இரண்டு மாத வாடகை

நிலவறையில் குடியிருந்த ட்ரெவர்
அக்டோபர் கடைசியில் சொல்லாமல் போய்விட்டான்.
சாவி தபால் பெட்டிக்குள்.
இரண்டு மாத வாடகைக்கு ஈடாக
குளியல் தொட்டிக்குள்
இரண்டு ஆமைகள்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்…"
ஸ்காபரோவிலிருந்து மச்சாள் வதனி தொடங்கினாள்.
வங்கிக் கடிதம் மூன்று ஏற்கெனவே வந்தாச்சு,
ஆமைதான் பாக்கி இருந்தது, என்றேன்.

வின்னிபெக்கில் அன்று மைனஸ் பதினொன்று.

மரக்கடையில் ப்ளைவுட் அறுத்துத் தந்த பெண்
என்ன கட்டுகிறீர்கள் என்றாள்.
வீடு.
அளவுத் தாளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு
ரம்பத்தை இறக்கினாள்.

கண்ணாடிச் சுவர்தான் முதலில் நினைத்தது.
கூடாதாம்.
ஆமைக்குக் கண்ணாடி விளங்காது.
அப்பால் தெரிகிற தரை தனக்கில்லை என்று
அதற்கு யாரும் சொல்லிவிட முடியாது.
நாள் முழுக்க முட்டும்,
மூக்குத் தேயும்வரை
நின்ற இடத்திலேயே நடக்கும்.
ஆகவே பலகை. பதினாறு அங்குல உயரம்.
மூலைகளுக்கு மேல் முக்கோண மூடி,
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறித் தப்பாமலிருக்க.
துண்டு துண்டாய்ப் படியிறக்கிக்
கீழே வைத்தே பூட்டினேன்.
எட்டடிக்கு நாலடி.
எழுபத்திரண்டு திருகாணி.
எழுபத்து மூன்றாவது
என் பெருவிரலில்.

அடியில் குளத்துக்கு விரிக்கும் ரப்பர்.
அதன்மேல் தும்புத்தூள்.
செங்கல்லாய்க் காய்ந்து வந்தது
வாளித் தண்ணீரில் விம்மி வழிந்தது.
பொதியைத் திருப்பினேன்: இலங்கை உற்பத்தி.
விலை பத்தொன்பது டொலர்.
வேறொன்றும் தோன்றவில்லை.
சோற்றகப்பையால் கிண்டிப் பரப்பினேன்.

பதுங்க ஒரு குகை வேண்டும்.
பூச்சட்டியைச் சரிபாதியாய்ப் பிளக்க
மூன்று சட்டி செலவானது.

வெயில் இரண்டு வகை:
உடம்பு சுட ஒரு குமிழ்,
ஓடு கல்லாய் இறுக ஒரு நீளக் குழல்.
அந்த முனை முப்பத்தைந்து பாகை,
இந்த முனை இருபத்திரண்டு.
நடுவில் எங்கே நிற்பதென்பது
அவற்றின் பாடு.

சின்னது நேரே போய் வெளிச்சத்தில் படுத்துப்
பின்னங்கால் ஒன்றை
கழற்றி வைத்ததுபோல் நீட்டிக்கொண்டது.
பெரியது நான்கு நாள்
தலையை வெளியே விடவில்லை.
ஐந்தாம் நாள் என் கீரையை முகர்ந்து
அதன்மேல் ஏறி நடந்து
தண்ணீர்த் தட்டில் மலம் கழித்தது.
குடிவந்துவிட்டது.

காலை ஏழுக்கு டைமர் 'டிக்' என்னும்.
ரொட்டித் தொழிற்சாலை இரவு வேலை முடித்து
பூட்ஸ் பனியை உதறிக்கொண்டு
நான் கீழே இறங்கும் நேரம்.
தெருவில் அப்போதும் இருட்டு.
கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து
சூரியோதயம் பார்ப்பேன், நூறு வாட்டில்.
பிறகு திரைச்சீலை இழுத்துவிட்டு
மூன்று மணிவரை தூக்கம்.
அந்த மாதம் வேறு சூரியன் எதையும்
நான் பார்த்ததாய் நினைவில்லை.

ஜனவரி நடுவில் ஒருநாள்
சத்தம் நின்றதில் விழித்தேன்.
மின்சாரம் இல்லை. வெளியே மைனஸ் முப்பத்தேழு.
மீன் வாங்கப் போகும் ஐஸ்பெட்டி நினைவுக்கு வந்தது:
குளிரைக் காப்பது சூட்டையும் காக்காதா.
ரைஸ் குக்கரின் உள்சட்டியை
சோற்றோடு துவாயில் சுற்றி நடுவில் வைத்தேன்,
இந்தப் பக்கம் ஒன்று
அந்தப் பக்கம் ஒன்று.
மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டு
மூன்றரை மணிநேரம் பெட்டிமேல் கைவைத்தபடி.
இரவு அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டேன்.

மாசியில் ட்ரெவரிடமிருந்து செய்தி.
உயிரோடு இருக்கின்றனவா?
இருக்கு, என்று அனுப்பினேன்.
ஏப்ரலில் வந்து
வாடகையைத் தந்துவிட்டுக் கொண்டுபோகிறேன்.

கீழே இறங்கி அளவு நாடாவை எடுத்தேன்.
படிவளைவு இரண்டரை அடி.
பெட்டி எட்டுக்கு நாலு.
திரும்பாது, என்று எழுதினேன்,
உள்ளேயே கட்டிவிட்டேன்,
வெளியே எடுக்க வழியில்லை.

நான் பெட்டியையா கேட்டேன், என்று உடனே வந்தது.

அதற்குள் மாலை ஏழு. டிக்.
இருட்டில் ஏதோ ஒன்று
தும்பைக் கிளறிக் கிளறி
உடம்பைப் புதைத்துக்கொள்ளும் சத்தம்.
பெரியதா சின்னதா தெரியவில்லை.
பூட்ஸைத் தேடினேன்.
வேலைக்கு நேரமாகிவிட்டது.